மெயினை அணைத்து அரை மணி நேரம் கழித்து

செல்வராணியின் வலது மணிக்கட்டை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் விரலில் தோய்த்திருந்த சந்தனம் வழிந்து என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. குளுகுளுவென்று இருந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

“ஏண்ணே, கைய விடுங்க” என்றார் செல்வராணி.

விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். விரல்கள் கேட்கவில்லை.

நாலைந்து வருடம் இருக்கும். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு மில். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டதால் கூரையில் குருவி கத்துவதுகூடக் கேட்டது. பிளீச்சிங் வாடையோடு சாம்பிராணி வாடையும் கலந்து மூக்கைப் பிடித்தது.

மில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி இருக்கும். அதை டிரைவ் என்போம். அது கெட்டுப்போனால் சரிசெய்வது என் வேலை. கடை ஸ்ரீவில்லிபுத்தூரில். துணி காயவைக்கும் மெஷினின் டிரைவ் டிஸ்பிளேயில் எழுத்தே காட்டவில்லை என்று அன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன்.

உள்ளே நுழைந்து பையைக் கீழே வைக்கவில்லை. அதற்குள் இந்தக் காட்சி. டிரைவ் இருக்கும் இரும்பு அலமாரியை பேனல் என்போம். அதன் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. டிரைவின் மூடியையும் கழற்றிக் கீழே சாய்த்து வைத்திருக்கிறார்கள். செல்வராணியின் இடது கையில் ஈரத்துணி. அந்தக் கை ஒரு செம்புப் பட்டையின் மேல் ஊன்றியிருக்கிறது. வலது கை சந்தனத்தோடு அடுத்த பட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டு பட்டைக்கும் நடுவில் இருந்தது அவருடைய நெஞ்சு.

பூஜைச் சுத்தம்

வருடம் முழுக்க எந்த மில்லிலும் பேனல் கதவை யாரும் திறந்து துடைப்பதில்லை. பஞ்சுத் தூசி உள்ளே மெத்தை மாதிரி படிந்து கிடக்கும். “செத்த நேரம் நிப்பாட்டி ஊதிவிடுங்களேன்” என்று நான் கெஞ்சினால், “மெஷின நிப்பாட்ட முடியுமாய்யா?” என்பார்கள். ஆயுத பூஜை வந்துவிட்டால் போதும். திறக்கக் கூடாத கதவெல்லாம் திறந்துவிடும். உள்ளே ஈரத்துணி போகும். பின்னாலேயே சந்தனக் கிண்ணம் போகும்.

பூஜையை நான் குறை சொல்லவில்லை. என் கடை மீட்டருக்கும் பொட்டு வைக்கிறவன்தான். வெளிக் கதவில் வைத்தால் போதாதா என்று ஒரு மில்லில் கேட்டுப் பார்த்தேன். “கதவா வேல பாக்குது? உள்ள இருக்கதுதான பாக்குது?” என்றார் ஓர் அம்மா.

அந்த மில்லின் எலக்ட்ரீஷியன் மாரியப்பன். நானும் அவனும் ஒரே பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டியவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். அவன் ஐ.டி.ஐ. போனான். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன். ஆனாலும் என்னை அண்ணாச்சி என்பான். அது மரியாதை இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“என்ன அண்ணாச்சி, வந்ததும் வராததுமா கையப் புடிக்கீங்க?” என்று சிரித்துக்கொண்டே வந்தான். “மெயின் ஆஃப் பண்ணி அரமணி நேரம் ஆச்சு. டெஸ்டர் வச்சும் பாத்துட்டேன். எரியல. டிஸ்பிளேயே செத்துக் கெடக்கு. பொறவு என்ன?”

எதிர்ப்பக்கத்துப் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி என்கிற பெண், “பொட்டு வைக்கப் போன கையப் புடிக்காரு. பூ வைக்கப் போனா எதப் புடிப்பாரோ!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செல்வராணி சிரிக்கவில்லை. கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவர் நகர்ந்த இடத்தில் நான் போய் நின்றுகொண்டேன். “அதுல கரண்ட் இருக்கு” என்றேன்.

சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தொட்டித் தண்ணீர்

வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். ஆனால் தெரியும் என்று சொல்கிறவர்கள்தான் என் தலைவலியே. அதனால் அவர்களும் படிக்கட்டும்.

மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிறோம். மோட்டாரை அணைத்தால் தொட்டி காலியாகிவிடுமா? குழாயைத் திறந்தால் கொட்டத்தானே செய்யும்? கெப்பாசிட்டரும் அப்படித்தான். பெரிய டிரைவுக்குள் கூல்டிரிங்க் டின் மாதிரி நாலோ ஆறோ வரிசையாக நிற்கும். வருகிற கரண்டை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மெயினை அணைத்தால் புதிதாக வருவது நிற்கும். சேர்ந்தது எங்கே போகும்? ஐந்நூறு வோல்ட் அங்கேயே, அந்த இரண்டு செம்புப் பட்டைக்கும் நடுவில் நிற்கும்.

அது தானாக வடியட்டும் என்று கம்பெனிக்காரன் ஒரு வடிகால் வைத்திருப்பான். வெள்ளைக் கட்டி மாதிரி ஒரு ரெசிஸ்டர். மெயின் அணைந்ததும் அது வழியாகக் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். டிரைவின் உள்வேலைகளும் கொஞ்சம் குடித்துத் தீர்க்கும். அதற்காகத்தான் மூடியில் மஞ்சள் முக்கோணம் போட்டு, இத்தனை நிமிடம் காத்திரு என்று அச்சடித்திருக்கும். எனக்கு இங்கிலீஷ் வராது. மின்னல் படமும் எண்ணும் புரியும்.

ஆனால் வடிகாலும் எரிந்துபோகலாம். உள்வேலை செய்யும் போர்டு செத்துவிட்டால் அதுவும் குடிக்காது. அதனால் டிஸ்பிளே இல்லாத டிரைவ்தான் மற்றதைவிடப் பயம். பார்க்கப் பிணம் மாதிரி இருக்கும். வயிறு நிறைந்திருக்கும்.

பளிச்சென்ற இடம்

கீழே சாய்த்து வைத்திருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் முக்கோணத்தைக் காணோம். அந்த இடத்தில் பிள்ளையார் ஸ்டிக்கர்.

“இத யாரு ஒட்டினது?”

“நாந்தான்” என்றான் மாரியப்பன். “அங்கதான் எடம் பளிச்சுனு இருந்துச்சு.”

பளிச்சென்று இருக்கத்தான் மஞ்சளில் அடித்தான்! கண்ணில் படட்டும் என்று எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து யோசித்து வைத்த நிறம். அது கண்ணில் பட்டிருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்ட நல்ல இடம் என்று பட்டிருக்கிறது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கட்டி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் ஸ்க்ரூ.

“வடிகால எங்கடா?”

“அந்த வெள்ளக் கட்டியா? சும்மா சூடாயிட்டே கெடந்துச்சு அண்ணாச்சி. கரண்ட் வேஸ்ட்டு. போன ஆடியில கெப்பாசிட்டர் மாத்தும்போது கழத்திப் போட்டேன். மெஷின் ஓடத்தான செஞ்சுச்சு?”

பெருமையாகத்தான் சொன்னான். எனக்குத் தலையைப் பேனலில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பேனலில் முட்டக் கூடாது என்பதால் சும்மா நின்றேன்.

சைபர்

“சந்தேகமா? மீட்டர் வச்சே காட்டுதேன்” என்று மாரியப்பன் தன் மீட்டரை எடுத்தான். பெண்கள் நெருங்கி வந்தார்கள். கையைப் பிடித்த ஆள் மாட்டப்போகிறான் என்கிற ஆர்வம் முகங்களில் தெரிந்தது. அவன் அதன் இரண்டு முனையையும் இரண்டு பட்டையிலும் வைத்தான்.

“பாத்தீகளா? சைபர்.”

மீட்டரும் சைபர் என்றுதான் காட்டியது. செல்வராணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தரைக்குள் போயிருக்கலாம்.

பிறகுதான் அவன் மீட்டரின் திருகு எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். அலைக்கோடு போட்ட ஏ.சி. குறியில் நின்றது. வீட்டுக் கரண்டை அளக்கும் இடம். கெப்பாசிட்டரில் இருப்பது பேட்டரியில் இருக்கிற மாதிரி நேர்க் கரண்ட். அதை நேர்க்கோடு போட்ட டி.சி. குறியில் வைத்துத்தான் அளக்க வேண்டும். டெஸ்டரையும் இதில் நம்பக் கூடாது. எரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் கிடையாது. இதை அவனுக்கு நான் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் சொன்னேன். அவன் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு பேச்சு வராமல் இதைத்தான் சொன்னேன்.

என் மீட்டரை எடுத்தேன். முதலில் பையில் வைத்திருக்கும் சின்ன ஒன்பது வோல்ட் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் அது சொல்வதை நம்புவது எப்படி? ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும் சைபர்தான் காட்டும். பிறகு திருகை நேர்க்கோட்டில் பெரிய அளவில் வைத்தேன். ரப்பர் கையுறை போட்டேன். கறுப்பு ஒயரின் கிளிப்பை ஒரு பட்டையில் மாட்டினேன். கரண்ட் கைக்குக் கை நெஞ்சு வழியாகப் போகாமலிருக்க இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் சிவப்பு முனையை வைத்தேன்.

“வாத்தியாரு மாதிரில்லா நிக்காரு” என்றார் முத்துலட்சுமி.

நானூற்று எழுபத்தெட்டு.

மாரியப்பன் குனிந்து பார்த்தான். திருகைப் பார்த்தான். தன் மீட்டரைப் பார்த்தான். “மீட்டர் ரிப்பேரு போல” என்றான்.

“எது?”

“ஒங்களுது.”

ஸ்க்ரூடிரைவர்

என்னுடையதை வாங்கி அவனே வைத்துப் பார்த்தும் அதே எண் வந்தது. பிறகு அவன் முகம் மாறியது. மாறியவன் சும்மா நிற்கலாம் அல்லவா? இடுப்பிலிருந்து நீள ஸ்க்ரூடிரைவரை உருவினான்.

“இம்புட்டுத்தான? ஒரு தட்டு, டப்புனு போயிரும்.”

எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முனை கருகி, கடித்த முறுக்கு மாதிரி ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். வெட்கப்பட்டு ஒளித்து வைக்க வேண்டிய சாமான். எடுத்துக் காட்டிப் பெருமைப்படுவார்கள். “நாலு கெப்பாசிட்டர் தட்டினது” என்பார்கள். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் வேலை நடந்ததாகவே அவர்களுக்குத் தோன்றாது.

நானும் தட்டியவன்தான். கல்யாணத்துக்கு முந்தி ஒருநாள் வெல்டிங் மெஷின் கெப்பாசிட்டர் ஒன்றின் இரண்டு ஸ்க்ரூவுக்கும் குறுக்கே கம்பியை வைத்தேன். வெளிச்சம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. உருகிய இரும்புப் பொடி புருவத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு விரற்கடை கீழே விழுந்திருந்தால் கண். இன்றைக்கும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. சவரக் கடையில் கேட்டால் அம்மைத் தழும்பு என்று சொல்லிவிடுவேன். கதையைச் சொல்ல ஆரம்பித்தால், “அப்ப டப்புனு போயிருச்சுல்ல?” என்றுதான் கேட்பார்கள்.

கண்ணுக்கு மட்டும் கேடு இல்லை. அவ்வளவு கரண்டையும் ஒரே நொடியில் இழுத்தால் கெப்பாசிட்டரின் உள்ளே இருக்கும் இணைப்பும் கெடும். பட்டை கருகும். நாளைக்கு அந்த டிரைவ் மறுபடி நின்றால், “குருசாமி பாத்த டிரைவ்” என்று என் பெயரைத்தான் சொல்வார்கள். தட்டினவன் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவன் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினேன். அன்றைக்கு நான் பிடித்த இரண்டாவது கை அது. இதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று பல்பு

பையில் ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறேன். அதில் மூன்று பல்பு. பழைய இழை பல்பு, அறுபது வாட். எல்.இ.டி. இதற்கு உதவாது. இழை பல்பு இப்போது தேடித்தான் வாங்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் தூசி படிந்து கிடந்ததை மொத்தமாக அள்ளி வந்தேன். மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் ஐந்நூறு வோல்ட்டைப் பங்கு போட்டுத் தாங்கும். இரண்டு முனையிலும் ரப்பர் மூடிய கிளிப்.

எல்லாரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லாமல் கையால் காட்டினேன். நகர்ந்தார்கள். ஒரு கிளிப்பை மாட்டினேன். மற்ற கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அடுத்ததை மாட்டினேன்.

மூன்று பல்பும் எரிந்தன.

மெயின் அணைந்து கிடக்கிறது. மில்லில் ஒரு விளக்குகூட இல்லை. கூரை ஓட்டையிலிருந்து விழும் வெயில் மட்டும்தான். அந்தப் பலகையில் மூன்று பல்பு மஞ்சளாக எரிந்து, ஒவ்வொரு முகமாக வெளிச்சம் காட்டியது. பத்து எண்ணுவதற்குள் மங்கின. இழை மட்டும் சிவப்பாக நின்று, அதுவும் போனது.

“யாத்தீ” என்றார் முத்துலட்சுமி. தன் கையில் இருந்த ஈரத்துணியைப் பார்த்தார். அதை அப்படியே தரையில் போட்டார்.

எண்ணைச் சொன்னபோது நம்பாதவர்கள், பல்பு எரிந்ததும் நம்பிவிட்டார்கள். நானூற்று எழுபத்தெட்டு என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்கு மட்டும் ஆரம்பத்தில் என்ன தெரிந்தது?

பல்பு அணைந்ததும் கையை வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்கு இருட்டான பிறகும் முப்பது நாற்பது வோல்ட் இருக்கும். பல்பே ஃபியூஸ் ஆகி அணைந்திருந்தாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். அதனால் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, மறுபடி மீட்டர். இரண்டு வோல்ட்டுக்கு வந்தது. அப்போதும் நம்பவில்லை. பெரிய கெப்பாசிட்டர் காலியான பின்னும், சும்மா விட்டால் உள்ளிருந்து கொஞ்சம் ஊறி மேலே வரும். அதனால் இரண்டு பட்டைக்கும் குறுக்கே ஒரு ஒயரை மாட்டி, வேலை முடியும்வரை அப்படியே விட்டேன். கரண்ட் கொடுக்கும் முன் எடுக்க மறக்காமலிருக்க அந்த ஒயரில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன்.

பிறகுதான் கெப்பாசிட்டர்களைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றின் தலை தோசை மாதிரி உப்பியிருந்தது. இன்னொன்று பார்வைக்கு நன்றாக இருந்தது. அளந்தால், மேலே அச்சடித்திருப்பதில் பாதிதான் வந்தது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், வடிகாலும் போட வேண்டும் என்று சீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி கூப்பிடுவதாக ஆள் வந்தது.

முதலாளி அறை

மாரியப்பன் எனக்கு முந்தியே போய்விட்டிருந்தான். வடிகாலைக் கழற்றிய கதையைச் சொல்லியிருப்பானா? கையைப் பிடித்த கதையைத்தான் சொல்லியிருந்தான்.

“குருசாமி, ஒங்கள எனக்கு எத்தன வருசமாத் தெரியும்” என்றார் முதலாளி. கத்தவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். அன்றைக்குத் தமிழிலேயே பேசினார். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. “பொம்பளைங்க வேல பாக்குற எடம். நாளைக்கு அவ வீட்டுக்காரரு வந்து கேட்டா நான் என்ன சொல்ல? இனிமே ஒங்கள எப்படி உள்ள விட?”

சொல்வதற்கு எல்லாம் இருந்தது. நானூற்று எழுபத்தெட்டு வோல்ட், பிள்ளையார், வெள்ளைக் கட்டி. சுவரில் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மில் போனால் அடுத்த மில்லும் போகும். ஏன் போனது என்று எல்லா மில்லிலும் பேசுவார்கள். கெப்பாசிட்டரைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். அந்த அறையில்கூட, கழற்றிப் போட்ட வடிகாலைப் பற்றி யாருமே கேட்கவில்லை!

கதவைத் தள்ளிக்கொண்டு செல்வராணி வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

“மொதலாளி, நான் ஒண்ணும் புகார் சொல்லல. அந்த பல்பு எரிஞ்சத நானும் பாத்தேன்” என்றார். “இவரு புடிக்கலன்னா என்னய இந்நேரம் தூக்கிட்டுப் போயிருப்பாக. அது இருக்கட்டும்.”

என் பக்கம் திரும்பினார். எனக்கு நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதற்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தேன்.

“ஏண்ணே, எங் கையப் புடிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு வாயத் தொறக்கத் தெரியலையா? எதுத்தாப்ல இருந்த பேனல்ல முத்துலட்சுமி கைய விட்டுத் தொடச்சிட்டு இருந்தால்ல? பாத்தீகளா அவள?”

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. முத்துலட்சுமி பேசியது காதில் விழுந்தது. எங்கே நின்று பேசினார் என்று இப்போதுதான் மண்டைக்கு ஏறியது.

“ஒங்களுக்கு ரெண்டு கைதான இருக்கு? நாங்க பத்துப் பேரு நின்னோம். யார் யார் கையப் புடிப்பீக? ஒரு சத்தம் போட்டிருந்தா அம்புட்டுப் பேரும் எடுத்திருப்போம்ல? ஒங்க வெக்கத்துக்கு நாங்க சாகணுமா?”

முதலாளி மாரியப்பனைப் பார்த்தார். மாரியப்பன் தரையைப் பார்த்தான். இத்தனை வருடமாக ஊரில் ஒருத்தரும் சொல்வதைக் கேட்பதில்லை என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தவன் நான். கேட்கிற மாதிரி நான் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“இப்பச் சொல்லுங்க” என்றார் செல்வராணி.

“என்னத்த?”

“அங்க என்ன சொல்லியிருக்கணுமோ அத.”

“கைய எடுங்க” என்றேன்.

“இது எனக்கே கேக்கல. மெஷின் ஓடும்போது யாருக்குக் கேக்கும்? மருவாதி எல்லாம் வேண்டாம். சத்தமா.”

“கைய எடு.”

“இன்னும்.”

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

“கைய எடு!”

முதலாளி மேஜை மேல் வைத்திருந்த இரண்டு கையையும் சடாரென்று எடுத்துவிட்டார். மாரியப்பன் பிடித்திருந்த கதவுப் பிடியை விட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண், கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

செல்வராணி மட்டும் அசையவில்லை.

“ஆங்” என்றார்.